எலும்புக்கு இறங்கிய கணையப் புற்றுநோய்: ஒருநாள் கதிர்வீச்சு, இரண்டு ஊசிகள், கொஞ்சம் சிமென்ட். எது எப்போது கைகொடுக்கும்?

கணையப் புற்றுநோய் பரவத் தொடங்கினால் முதலில் போவது கல்லீரலுக்கு. அடுத்து வயிற்று உறை, நுரையீரல். எலும்பு வரிசையில் பின்னால்தான் நிற்கிறது. அதனால் எலும்புப் பரவலுக்கான சிகிச்சைகள் பெரும்பாலும் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டவை. அந்த அட்டவணையை அப்படியே எடுத்துக் கணையத்துக்குப் பொருத்தினால் கணக்கு உதைக்கிறது. எலும்புக்கு மட்டும் பரவிய மார்பகப் புற்றுநோயில் சிகிச்சையை ஆண்டுக் கணக்கில் திட்டமிடலாம். பரவிய கணையப் புற்றுநோயில் நிலைமை வேறு. 2011ல் வெளியான ஃபோல்ஃபிரினாக்ஸ் (நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ) ஆய்வில் இடைநிலை வாழ்நாள் 11.1 மாதம். ஜெம்சிடபின் என்ற ஒற்றைக் கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 மாதம்.

ஆகவே இங்கே ஒவ்வொரு சேவையையும் ஊசியையும் இரண்டே கேள்விகளால் எடை போட்டிருக்கிறோம். எத்தனை நாளில் பலன் தெரியும்? அந்தப் பலனுக்காக நோயாளியின் எத்தனை நாள் மருத்துவமனையில் கழியும்? மற்ற புற்றுநோய்களில் முதல் இடம் பிடிக்கும் சில பொருட்கள் இந்தத் தராசில் கீழே இறங்கிவிடுகின்றன.

முதலில், அது எலும்பு வலிதானா?

கணையப் புற்றுநோயில் முதுகுவலி கிட்டத்தட்ட எல்லோருக்கும் பழக்கமானது. அதில் பெரும்பகுதி எலும்பால் வருவதில்லை. கணையத்துக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலைக் கட்டி அழுத்துவதால் வருகிறது. அந்த வலி மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும், சாப்பிட்ட பிறகு கூடும், மல்லாந்து படுத்தால் மோசமாகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். எலும்பு வலிக்கு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடம் உண்டு. அந்த முள்ளெலும்பை மெதுவாகத் தட்டினால் வலிக்கும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். புரண்டு படுக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் சுளீரென்று இழுக்கும்.

இதைப் பிரித்தறியாமல் போனால் பணமும் நாளும் வீண். நரம்புப் பின்னலுக்கு ஆல்கஹால் செலுத்தி வலியை மரக்கச் செய்யும் ஊசி எலும்பு வலியைத் தொடாது. எலும்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு நரம்புப் பின்னல் வலியைத் தொடாது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கவும் கூடும். அப்போது எந்த வலி எந்நேரம் வருகிறது என்று நான்கு நாள் குறித்து வைத்த ஒரு தாள், பல ஸ்கேன்களை விடப் பயன்படும்.

பரவல் முதுகெலும்பில் அதிகம் தெரிவதற்கு ஒரு காரணம், அதைச் சுற்றியுள்ள வால்வு இல்லாத சிரைப் பின்னல். பேட்சன் 1940ல் விவரித்த இந்தப் பாதையில், இருமினாலோ முக்கினாலோ ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். வயிற்றுக்குள் இருந்து கிளம்பிய செல்கள் அப்படியே முள்ளெலும்பில் தங்கிவிடலாம். தங்கிய செல்கள் தாமாக எலும்பைத் தின்பதில்லை. எலும்பை அரிக்கும் நமது சொந்த செல்களைத் தூண்டிவிடுகின்றன. அரிக்கப்பட்ட எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுச் செல்லுக்கே தீனியாகின்றன. கீழே வரும் இரண்டு ஊசிகளும் இந்தச் சுழலைத்தான் வெட்டப் பார்க்கின்றன.

ஸ்கேன்கள்

சாதாரண எக்ஸ்ரே மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் ஒரு முள்ளெலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அதில் ஓட்டை தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற பதில் இங்கே பதிலே ஆகாது. அதன் உண்மையான பயன் வேறு இடத்தில்: தொடை எலும்பு உடையும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய படம் இல்லை.

டெக்னீஷியம் செலுத்தி எடுக்கும் போன் ஸ்கேன் முழு உடம்பையும் ஒரே அமர்வில் காட்டும். ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் காத்திருந்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் இடுப்பு எலும்பை அதன் ஒளி மறைத்துவிடும். இதன் குறை என்னவென்றால், அது புற்றைக் காட்டுவதில்லை; எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ள முயலும் வேலையைக் காட்டுகிறது. கணையப் புற்றின் பரவல் பெரும்பாலும் அரிக்கும் வகை. கட்டும் வேலை குறைவாக நடக்கும் இடம் படத்தில் மங்கலாகவே விழும், சில சமயம் விழாமலே போகும். போதாக்குறைக்கு மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும் பளிச்சென்று தெரிந்து வீட்டாரை நடுங்க வைக்கும். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் குணமாகும் எலும்பும் கூடுதலாக ஒளிரும். அதைப் பார்த்து நோய் பெருகிவிட்டது என்று கீமோவை மாற்றுவது அவசர முடிவு.

பெட் சிடி அரிக்கும் வகைப் பரவலை மேலாகவே பிடிக்கும். கணைய நோயாளிகளுக்கு இதில் இரண்டு தனிப் பொறிகள் உண்டு. ஒன்று சர்க்கரை. கணையம் கெட்டால் சர்க்கரை நோய் வருவது சகஜம். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலான மையங்கள் ஸ்கேனைத் தள்ளி வைக்கும், ஏனெனில் செலுத்தும் குறிமருந்தே சர்க்கரை வடிவம்தான். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, அன்று காலை இன்சுலின் எப்படி என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது, கீமோவுக்குப் பின் வெள்ளணு உயரப் போடும் ஊசி. அதைப் போட்ட கையோடு பெட் எடுத்தால் முதுகெலும்பு முழுவதும் ஒரே சீராக ஒளிரும். அது மஜ்ஜை வேலை செய்வதன் ஒளி. அந்த ஊசி போட்ட தேதியைக் கோரிக்கைத் தாளிலேயே எழுதிவிட்டால் அறிக்கை எழுதுபவர் தடுமாற மாட்டார்.

எம்ஆர்ஐதான் மஜ்ஜைக்குள் நடப்பதைச் சீக்கிரம் காட்டும். தண்டுவடத்தை ஏதாவது அழுத்துகிறதா என்ற கேள்விக்கு இதற்கு மாற்று இல்லை. வலிக்கும் இடத்தை மட்டும் எடுக்காமல் முதுகெலும்பு முழுவதையும் எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் இடத்தில் இன்னோர் அழுத்தம் ஒளிந்திருப்பது அபூர்வமல்ல.

ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உயர்ந்தால் எலும்பு என்று முடிவு கட்டாதீர்கள். பித்தநாளம் அடைத்தாலும் அது உயரும். உடன் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியையும் பார்க்க வேண்டும். அதுவும் உயர்ந்திருந்தால் கல்லீரல் பக்கம், அது சரியாக இருந்தால் எலும்புப் பக்கம்.

ஒருநாள் கதிர்வீச்சு: இந்தப் பட்டியலில் முதல் இடம்

வலிக்கும் எலும்புக்கு ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). 10 நாளில் 30 கிரே, 5 நாளில் 20 கிரே என்ற நீண்ட திட்டங்களோடு இதைப் பல ஆய்வுகளில் ஒப்பிட்டாயிற்று. வலி குறைவதில் வித்தியாசம் இல்லை: இரண்டிலும் சுமார் 60 சதவீதம் பேருக்குக் குறைகிறது. வித்தியாசம் ஓர் இடத்தில்தான். ஒருநாள் திட்டத்தில் பின்னால் மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டவர்கள் சுமார் 20 சதவீதம், நீண்ட திட்டத்தில் சுமார் 8 சதவீதம். ஆண்டுக் கணக்கில் வாழப்போகிறவருக்கு அந்த 8 முக்கியம். மாதங்களை எண்ணுகிறவருக்கு ஒன்பது முறை வண்டியேறி வந்துபோகும் அலைச்சல் மிச்சமாவதுதான் முக்கியம். யாராவது கணையப் புற்று எலும்பு வலிக்கு 10 அமர்வு என்று எழுதிக்கொடுத்தால், ஒரே அமர்வு ஏன் போதாது என்று கேட்பது முறையான கேள்விதான். நியாயமான பதில்களும் உண்டு: எலும்பில் கம்பி வைத்த பிறகு தரும் கதிர்வீச்சு, எலும்பை விட்டு வெளியே பெருத்த கட்டி, தண்டுவடத்துக்கு முன்பே கொடுத்த அளவு.

அன்றைய நாள் எப்படிப் போகும்? முதலில் சிடி வைத்துத் திட்டமிடுவார்கள். தோலில் சிறு புள்ளிகள் குத்துவார்கள் அல்லது மையால் கோடு போடுவார்கள். அதை அழிக்கக் கூடாது. சில மையங்களில் திட்டமும் சிகிச்சையும் ஒரே நாளில் முடியும், சிலவற்றில் இடையில் சில நாள் ஆகும். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான். சிரமம் மேசையில். அது மெத்தை இல்லாத கெட்டிப் பலகை. அதில் மல்லாந்து 15 முதல் 30 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். நரம்புப் பின்னல் வலியும் சேர்ந்தவருக்கு மல்லாந்து படுப்பதே தண்டனை. அறைக்குள் போவதற்கு 30 முதல் 45 நிமிடம் முன் இடைவலிக்கான (வழக்கமான மருந்தையும் மீறி இடையில் வரும் வலிக்கான) மார்ஃபின் அளவை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த ஒரு குறிப்பை யாரும் எழுதித் தருவதில்லை. பல அமர்வுகள் நடுவில் நின்றுபோவது இதனால்தான்.

இரண்டாவது எதிர்பாராத அடி, வலி கூடுவது. கதிர்வீச்சு முடிந்த முதல் சில நாட்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வலி குறைவதற்குப் பதில் ஏறும். கதிர் பட்ட எலும்பில் வரும் தற்காலிக வீக்கம் அது. சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை. ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. கதிர்வீச்சுக்கு ஒரு மணி நேரம் முன்பும், தொடர்ந்து 4 நாள் தினமும் ஒரு வேளையும் கொடுத்தால் இந்த ஏற்றம் குறைகிறது என்று ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் அதே மாத்திரை சர்க்கரையைத் தூக்கிவிடும். கணையம் பழுதான உடம்பில் அது 300, 400 என்று எகிறுவதைத் தடுக்க அந்த 5 நாளும் குளுக்கோமீட்டர் கையில் இருக்க வேண்டும்; குறிப்பாக மதியத்துக்கு மேல், மாத்திரையைக் காலையில் எடுத்தவருக்கு.

இடுப்புக்கு மேற்பட்ட முதுகெலும்பு என்றால் கதிர் போகும் வழியில் குடலும் இரைப்பையும் இருக்கும். ஒரே அமர்வில் 8 கிரே என்பதால் அன்றே வாந்தி வரலாம். ஒன்டான்செட்ரான் 8 மி.கி. ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். விலா எலும்பு, தோள், தொடை என்றால் இந்தக் கவலை குறைவு.

மூன்றாவது கீமோ நாட்காட்டி. ஜெம்சிடபின் கதிர்வீச்சின் தாக்கத்தைப் பெருக்கிவிடும் மருந்து. இரண்டுக்கும் இடையே 7 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் கூடுதல் நச்சு தெரிவதில்லை என்பது அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. கதிர்வீச்சுத் துறையும் கீமோத் துறையும் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கும் இடங்களில் இது நழுவிப் போகிறது. கடைசி ஜெம்சிடபின் தேதியை நோயாளி தரப்பே இரண்டு பக்கமும் சொல்லிவிட வேண்டும்.

பலன் தெரிய ஒன்று முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை வலி மருந்தைக் குறைக்கக் கூடாது. 4 வாரம் கழித்தும் குறையவில்லை, அல்லது குறைந்து மீண்டும் வந்தது என்றால் அதே இடத்துக்கு இரண்டாம் முறை கொடுக்கலாம். அதற்கு முன் மறுபடி கொடுக்க அவசரப்படுத்துவது வீண்.

குறி பார்த்துப் பெரிய அளவைக் குவிக்கும் நவீன முறையை இதன் உயர்ரகப் பதிப்பு என்று சொல்லலாம். முதுகெலும்பு வலியில் 2 அமர்வில் 24 கிரே கொடுத்தவர்களில் 3 மாதத்தில் வலி முற்றிலும் போனவர்கள் 35 சதவீதம். 5 அமர்வில் 20 கிரே பழைய முறையில் 14 சதவீதம். இது 2021ல் வெளியான கனடிய, ஆஸ்திரேலிய ஆய்வு. எண் கவர்ச்சியானது. ஆனால் 3 மாதம் கழித்து அளந்த எண் அது. திட்டமிட எம்ஆர்ஐ வேண்டும், கூடுதல் நாட்கள் வேண்டும், மேசையில் இன்னும் நீண்ட நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், முள்ளெலும்பு நசுங்கும் அபாயமும் உண்டு. நோய் கீமோவில் கட்டுப்பட்டு, பரவல் ஓரிரு இடத்தில் மட்டும் உள்ளவருக்குத் தகும். மற்றவருக்கு அதிகப்படி.

கதிர்வீச்சால் முடியாத ஒன்று: உடையப்போகும் எலும்பைத் தாங்கிப் பிடிப்பது. கட்டி செத்தாலும் அந்தப் பள்ளத்தில் எலும்பு மீண்டும் கெட்டிப்பட மாதங்கள் ஆகும். தொடை எலும்பின் கெட்டியான ஓட்டில் நீளவாக்கில் 3 செ.மீ.க்கு மேல் அரிப்பு இருந்தாலோ, கால் ஊன்றும்போது வலி சுண்டினாலோ, முதலில் எலும்பு அறுவை நிபுணர். எலும்பு உடையும் அபாயத்தைச் சொல்லும் மிரெல்ஸ் மதிப்பெண் 4 முதல் 12 வரை போகும். 9ம் அதற்கு மேலும் என்றால் முன்கூட்டியே கம்பி வைப்பதே வழக்கம், 8 ஊசலாட்டம். முதுகெலும்புக்கு வேறு மதிப்பெண், 18க்கு. 13ம் மேலும் என்றால் நிலையற்றது. கதிர்வீச்சுக்கு முன் இந்த எண் யாராவது போட்டார்களா என்று கேளுங்கள்.

கால் மரத்தால் எது?

இது கணையப் புற்றுக்கே உரிய குழப்பம். ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள ஆக்சாலிபிளாட்டினும், ஜெம்சிடபினோடு கொடுக்கும் நேப் பேக்லிடாக்சலும் விரல்களை மரக்கச் செய்யும். அதனால் கால் மரக்கிறது என்றாலே கீமோவின் வேலை என்று எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள். கீமோ மரப்பு கால்விரல் நுனியிலும் கைவிரல் நுனியிலும் இரு பக்கமும் சமமாகத் தொடங்கி, காலுறை கையுறை போலப் படரும். ஆக்சாலிபிளாட்டின் என்றால் குளிர்ந்த பொருளைத் தொட்டால் குத்தும். தண்டுவட அழுத்தம் அப்படி வராது. மார்பையோ வயிற்றையோ பட்டையால் கட்டியது போன்ற வலி, படியேறும்போது தொடையில் பலம் இல்லாமை, ஒரு கோட்டுக்குக் கீழே உணர்ச்சி மந்தம், சிறுநீர் போக வராமல் நிற்பது, இருமினால் முதுகில் பாய்வது. கை பாதிக்கப்படாமல் கால் மட்டும் தளர்ந்தால் கீமோவைக் குற்றம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

இது வந்தால் மணிக்கணக்கு. 24 மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ, சந்தேகம் வந்த உடனே டெக்ஸாமெத்தசோன் 16 மி.கி. அளவில், பிறகு அறுவையா கதிர்வீச்சா என்ற முடிவு. சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்தான் பின்னாலும் நடப்பார். படுத்துவிட்டவர் எழுவது அரிது. 2019ல் வெளியான ஒப்பீட்டில் ஒரே அமர்வு 8 கிரே பெற்றவர்களில் 8 வாரத்தில் நடக்க முடிந்தவர்கள் 69 சதவீதம், 5 அமர்வில் 73 சதவீதம். ஆயுள் குறுகியவருக்கு இங்கேயும் ஒருநாள் திட்டம் வெட்கப்படத் தேவையில்லை.

இரண்டு ஊசிகள்: பெயர் பெரிது, அவசரத்துக்கு உதவாது

எலும்பைப் பலப்படுத்தும் ஊசி என்று எழுதப்படுவது பெரும்பாலும் சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப். இரண்டும் எலும்பு முறிவு, கதிர்வீச்சுத் தேவை, தண்டுவட அழுத்தம் ஆகியவற்றைக் குறைக்கவும் தள்ளிப்போடவும் செய்கின்றன. ஆனால் அந்தப் பலன் மாதக் கணக்கில் சேரும் பலன். இன்று இரவு தூங்க விடாத வலிக்கு இவை பதிலல்ல. கீமோவில் நோய் அடங்கி, முன்னால் பல மாதங்கள் இருக்கிறது என்று நம்பக் காரணம் உள்ளவருக்குத் தொடங்கலாம். நோய் எல்லாப் பக்கமும் பாய்ந்துகொண்டிருக்கும்போது ஊசிக்காகப் பல் டாக்டரிடமும் ஆய்வகத்துக்கும் அலைய வைப்பது நியாயமில்லை. ஒரே விதிவிலக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பது. அதற்குச் சலைன் ஏற்றியபின் சோலெட்ரானிக் ஆசிட் சில நாளிலேயே வேலை செய்யும்.

கால்சியம் ஏறியிருக்கிறதா என்பதிலும் ஒரு வழுக்கல். கணைய நோயாளிகளுக்கு ஆல்புமின் (ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதம்) பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். அறிக்கையில் வரும் மொத்த கால்சியத்தை அப்படியே படிக்கக் கூடாது. 4லிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 10.2, ஆல்புமின் 2.0 என்றால் திருத்திய மதிப்பு 11.8. அறிக்கையில் சிவப்புக் குறி இருக்காது. நோயாளிக்கோ தாகம், மலச்சிக்கல், குழப்பப் பேச்சு எல்லாம் இருக்கும். மார்ஃபின்தான் காரணம் என்று அதன் மேல் பழி விழும்.

சோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி., 100 மி.லி. சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் ஓட வேண்டும். அதைவிட வேகமாகப் போனால் சிறுநீரகம் அடிபடும். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள திரவத்தில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்னால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பார்க்க வேண்டும். கிரியாட்டினின் வெளியேற்றம் 60க்கு மேல் என்றால் 4 மி.கி., 50 முதல் 60 வரை 3.5, 40 முதல் 49 வரை 3.3, 30 முதல் 39 வரை 3.0, அதற்குக் கீழே தவிர்க்க வேண்டும். பரவிய எலும்புக்கான கணக்கு இது. கால்சியம் ஏறிய அவசரத்துக்குப் பொருந்தாது. ஃபோல்ஃபிரினாக்ஸ் வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவருக்குப் போன மாத கிரியாட்டினினை நம்பி ஊசி போடுவதுதான் இந்தப் பொருளில் நடக்கும் மிகச் சாதாரணத் தவறு. உடன் டைக்லோஃபெனாக் போன்ற வலிமாத்திரை ஓடினால் கேட்கவே வேண்டாம். முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், பாராசிட்டமால் போதும். ஆனால் அடைபட்ட பித்தநாளத்தைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற குழாய் வைத்தவருக்கு, அல்லது கீமோவில் வெள்ளணு இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. குளிர்நடுக்கமும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் அது ஸ்டென்ட் அடைப்புத் தொற்றாக இருக்கலாம்.

3, 4 வாரத்துக்கு ஒருமுறை என்பது பழைய அட்டவணை. 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் பலன் குறையவில்லை என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் இருந்தவர்கள் மார்பகம், புராஸ்டேட், மைலோமா (மஜ்ஜைப் புற்று) நோயாளிகள். அலைச்சலைக் குறைக்க இந்த இடைவெளியைக் கேட்கலாம்.

டெனோசுமாப் 120 மி.கி. தோலுக்கடியில், 4 வாரத்துக்கு ஒருமுறை. ட்ரிப்ஸ் வேண்டாம், சிறுநீரகத்துக்காக அளவு குறைக்க வேண்டாம், முதல் ஊசிக் காய்ச்சலும் குறைவு. வசதியில் இதுதான் முன்னணி. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன் வெளியே எடுத்து வைத்தால் குத்தும் வலி குறையும். அட்டையைப் பார்த்து வாங்குங்கள்: இதே மருந்து 60 மி.கி. ஊசியாகவும் வருகிறது. அது 6 மாதத்துக்கு ஒருமுறை எலும்புத் தேய்வுக்குப் போடுவது. இரண்டும் வேறு வேறு வணிகப் பெயரில் இருப்பதால் மாறிப்போக இடமுண்டு.

இதன் பலவீனம் கால்சியம் சரிவது, கணைய நோயாளியிடம் அது இரட்டிப்பு. கணையச் சுரப்பு குறைந்தால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பில் கரையும் வைட்டமின் டியும் கழிவோடு போய்விடும். எண்ணெய் மிதக்கும், கழுவினாலும் போகாத மலம் இருப்பவருக்கு வைட்டமின் டி அளவு பார்க்காமல் டெனோசுமாப் போடுவது கால்சியத்தைப் பள்ளத்தில் தள்ளுவது. ஊசிக்கு முன் வைட்டமின் டியைச் சரிசெய்ய வேண்டும். தினமும் கால்சியம் 500 மி.கி.யும் வைட்டமின் டி 400 அலகும் என்பது வழக்கமான அடிப்படை. இவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். கணைய நொதி கேப்ஸ்யூலை, பொதுவாகப் பெரிய உணவுக்கு 50,000 அலகு, சிறு உணவுக்கு 25,000 அலகு என்ற அளவில், முதல் கவளத்தோடு சேர்த்து விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் விழுங்கினால் பாதி வீண். கால்சியம் சரிந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுரீர் என்று இருக்கும், தசை பிடிக்கும். இங்கும் ஆக்சாலிபிளாட்டின் மேல் பழி போகும். ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் இது வந்தால் கால்சியம் பாருங்கள்.

தாடை எலும்பு அழுகல் இரண்டுக்குமே பொது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர். ஆடும் பல், சீழ் வைத்த பல் இருந்தால் ஊசிக்கு முன்னே பிடுங்கி ஆறவிட வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

நசுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் முறை வேகத்தில் கதிர்வீச்சையே முந்தும்: ஓரிரு நாளில் எழுந்து உட்கார முடிகிறது. எலும்பின் பின்சுவர் உடைந்திருந்தால் சிமென்ட் தண்டுவடம் பக்கம் கசியும் ஆபத்து உண்டு, தண்டுவடம் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருந்தால் கூடாது. கணையப் புற்றில் ரத்தக்கட்டு அதிகம் என்பதால் பலர் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை எப்போது நிறுத்துவது என்று முன்பே எழுதி வாங்க வேண்டும். சிமென்ட் கட்டியைக் கொல்லாது. பின்னால் கதிர்வீச்சும் வேண்டியிருக்கும்.

ஸ்ட்ரான்ஷியம் 89, சமாரியம் 153 போன்ற கதிரியக்க ஊசிகள் எலும்பு கட்டும் வகைப் பரவலில்தான் ஒட்டும். அரிக்கும் வகைக்கு ஏற்றவை அல்ல, மஜ்ஜையையும் வாட்டும். ரேடியம் 223 புராஸ்டேட்டுக்கு மட்டுமே அனுமதி பெற்றது. இவற்றைக் கணையத்துக்கு விற்க முயன்றால் விலகிவிடலாம்.

ஆனால் திசு அறிக்கையில் நியூரோஎண்டோக்ரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் வேறு வகைக் கட்டி) என்று இருந்தால் மேலே சொன்ன தராசே மாறும். அந்த நோயை ஆண்டுகளில் அளக்கலாம். அங்கே அந்தக் கட்டிச் செல்களில் ஒட்டும் டோட்டாடேட் குறிமருந்தால் எடுக்கும் பெட் ஸ்கேன், 8 வாரத்துக்கு ஒருமுறை 7.4 ஜிகாபெக்கரல் வீதம் 4 சுற்று லுட்டீஷியம் டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்து, நீண்டகால எலும்பு ஊசி எல்லாமே யோசிக்கத் தக்கவை. அறிக்கையில் அந்த ஒரு வார்த்தையைத் தேடிவிட்டு இந்த மதிப்பீட்டைப் படிப்பது நல்லது.

வலி மருந்தில் மார்ஃபினுக்கு நிகர் இல்லை. ஒருநாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு இடைவலிக்கு: நாளைக்கு 60 மி.கி. என்றால் ஒருமுறைக்கு 10 மி.கி. அசையும்போது வரும் வலிக்கு, குளிக்கப் போவதற்கு அரை மணி முன்பே எடுக்க வேண்டும். வந்த பிறகு எடுத்தால் அது வேலை செய்யும்போது வலியே போயிருக்கும், தூக்கம் மட்டும் மிஞ்சும். மலமிளக்கியை முதல் நாளே தொடங்க வேண்டும்.

ஃபென்டனில் பட்டை விழுங்க முடியாதவருக்கு உதவும். ஒட்டி 12 மணி நேரமாவது ஆகும் முழுதாய் வேலை செய்ய, 72 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உடல் இளைத்து எலும்பும் தோலுமானவருக்கு அது எதிர்பார்த்த அளவு உறிஞ்சப்படுவதில்லை. சூடு பட்டால் எதிர்மாறு: மருந்து வேகமாக இறங்கும். முதுகு வலிக்கிறதே என்று பட்டைக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சோலெட்ரானிக் ஆசிட் போட்ட மறுநாள் காய்ச்சல் அடித்தாலும் இதே கதைதான். அன்று நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், எழுப்பினாலும் எழ மறுத்தால், மூச்சு மெதுவாகினால் பட்டையைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.